ரெரா நம்பர் வாங்கினால் போதுமா? மனைத் தொழிலுக்கு வர நினைப்பவர்களின் கேள்விகள்

வீடு, மனை விற்றுக்கொடுக்கும் தொழிலுக்கு வருவது பற்றிக் கொஞ்ச நாளாகவே நிறையக் கடிதங்கள் வருகின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழ் முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ரெரா என்பது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் சுருக்கப் பெயர், அதன்படி அமைந்த ஆணையத்தையும் அப்படியே சொல்கிறோம். ரெரா நம்பர் என்றால் அங்கே பதிவு செய்தால் கிடைக்கும் எண்.

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆக வேண்டும் என்று ஆசை. “ரெரா எக்ஸாம் பாஸ் பண்ணினால்தான் லைசென்ஸ், கோச்சிங்கும் கொடுத்து லைசென்ஸும் வாங்கித் தருகிறோம்” என்று ஓரிடத்தில் 35,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, தாராபுரம்

கட்டாதீர்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்திலும் சரி, அதை வைத்துத் தமிழ்நாடு அரசு 2017ல் கொண்டுவந்த விதிகளிலும் சரி, ஏஜென்ட் ஆவதற்குத் தேர்வு எழுத வேண்டும் என்றோ இன்ன பட்டம் இருக்க வேண்டும் என்றோ எதுவும் இல்லை. மகாராஷ்டிராவில் 2023ல் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயம் ஆக்கினார்கள், அது அந்த மாநிலத்து ஆணையம் போட்ட உத்தரவு. அதைக் காட்டி இங்கே ஒருவர் பணம் கேட்டால், எந்த விதியில் இருக்கிறது, எண்ணைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பதில் வராது.

நம் ஊரில் நடைமுறை இவ்வளவுதான். தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் ஏஜென்ட் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பான் கார்டு, ஆதார், போட்டோ, தொழில் நடத்தப்போகும் இடத்தின் முகவரிச் சான்று, கடைசி மூன்று வருட வருமான வரிக் கணக்கு. கணக்குத் தாக்கல் செய்யும் அளவுக்கு வருமானம் இல்லை என்றால் அதைச் சொல்லி ஓர் உறுதிமொழி. தனிநபருக்குப் பதிவுக் கட்டணம் 25,000 ரூபாய், நிறுவனம் என்றால் 50,000. விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் ஒருமுறை தொகையைப் பார்த்துக்கொண்டு கட்டுங்கள். பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும், அது முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும். எண் வந்ததும் அலுவலகத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மாட்டிவையுங்கள். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், வாட்ஸ்அப் விளம்பரம் எல்லாவற்றிலும் அந்த எண் இருக்க வேண்டும், நீங்கள் முடித்துக்கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அதைக் குறிப்பிட வேண்டும். இது சட்டம் சொல்வது.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு இல்லாத காரணத்தால் எண் வாங்குவது சுலபம், ஆனால் அந்த எண்ணை நம்பி ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து மனை வாங்கும். அவர்களுக்குப் பத்திரம் பார்க்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் வருகிறார்கள். கோச்சிங்குக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, ஆறு மாதம் ஒரு நல்ல பத்திர எழுத்தரிடமோ சொத்து வழக்குப் பார்க்கும் வக்கீலிடமோ போய் உட்காருங்கள். கணக்கு எழுதிப் பழகிய கை என்றால் இன்னும் நல்லது. தேதியும் தொகையும் ஒன்றோடொன்று இடிக்கிற இடத்தை நீங்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள்.

கேள்வி: பதினைந்து வருடமாக மதுரையைச் சுற்றி இடம் காட்டிக்கொண்டிருக்கிறேன். நான் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை, பணமும் வாங்கி வைப்பதில்லை. பார்ட்டியைக் கூட்டிப்போய் புரமோட்டரிடம் (மனைப்பிரிவு போட்டோ வீடு கட்டியோ விற்கிறவரிடம்) விடுவதோடு சரி, அவர் கமிஷன் தருவார். எனக்கும் பதிவு வேண்டுமா?
– வாசகர், திருமங்கலம்

வேண்டும் ஐயா. சட்டம் ஏஜென்ட் என்று யாரைச் சொல்கிறது என்று பார்த்தால், பேரம் பேசுகிறவர் மட்டும் இல்லை, வாங்குகிறவரையும் விற்கிறவரையும் எந்த வழியிலாவது அறிமுகம் செய்துவைத்து அதற்குக் காசு வாங்குகிறவரும் ஏஜென்ட்தான். தரகர், புரோக்கர், மீடியேட்டர், எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அப்படித்தான். பதிவு இல்லாமல் ரெரா திட்டத்தில் மனை விற்றுக்கொடுத்தால் 62ஆம் பிரிவின்படி நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அது அந்த மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். 30 லட்ச ரூபாய் மனை என்றால் ஒன்றரை லட்சம். உங்களுக்கு அதில் கிடைத்த கமிஷனே அவ்வளவு இருக்காது.

இன்னொன்றும் சொல்கிறேன். புரமோட்டர் தன் திட்டத்தைப் பதிவு செய்யும்போது தன்னுடைய ஏஜென்ட்கள் யார் யார் என்று பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும். ஆக, ஒழுங்காக நடத்துகிற புரமோட்டர் பதிவில்லாதவரை வைத்துக்கொள்ளத் தயங்குவார், அதைப் பற்றிக் கவலையே படாத புரமோட்டர்தான் உங்களைக் கூப்பிடுவார். பதினைந்து வருடம் சேர்த்த பெயரை அந்த மாதிரி ஆளிடம் கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பது, ஒருவர் குடியிருக்கும் பழைய வீட்டை இன்னொருவருக்கு மறுவிற்பனை செய்து கொடுப்பது, விவசாய நிலம், இவை மட்டும்தான் உங்கள் தொழில் என்றால் ரெரா பதிவு கட்டாயம் இல்லை. ரெராவில் பதிவான திட்டத்தில் உள்ள மனை, அடுக்குமாடிப் பிளாட், வீடு என்று வந்தால்தான் கட்டாயம். ஆனால் மதுரை ரிங் ரோட்டுப் பக்கம் தொழில் செய்கிறவர் லேஅவுட் மனையைத் தொடாமல் எத்தனை நாள் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: எண் வாங்கிவிட்டேன். டாக்குமென்ட் பார்ப்பது மட்டும் பயமாக இருக்கிறது. வக்கீல் லீகல் ஒப்பீனியன் தருவார், நான் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.
– வாசகர், அரக்கோணம்

தம்பி, வக்கீலிடம் காகிதம் போவது அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான், பல இடங்களில் அதுதான் நடக்கிறது. அதற்கு முன்னால் இந்த இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று பார்ட்டி கேட்பது உங்களிடம். அந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறந்து “பொறுங்க, இந்தக் காகிதம் வரட்டும்” என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

முதல் பாடத்துக்கு வெளியே எங்கும் போக வேண்டாம், உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பத்திரத்தை எடுங்கள். கடைசியில் சொத்து விவரம் இருக்கும், செக்குபந்தி என்று நாலு பக்க எல்லை எழுதியிருப்பார்கள், சர்வே எண், உட்பிரிவு, அளவு இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு இடத்துக்குப் போய் நின்று, வடக்கே யார், கிழக்கே எந்தப் பாதை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் அதே சர்வே எண்ணுக்குப் பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்), கிராம ‘அ’ பதிவேடு (நிலம் யாருடையது, எந்த வகை என்று சொல்லும் பதிவேடு) மூன்றையும் வருவாய்த் துறை இணையதளத்தில் எடுங்கள், ஈசி என்கிற வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுங்கள். நாலும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பாருங்கள். சொந்த வீட்டிலேயே ஏதாவது ஒன்று இடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ, முன்பு விற்றவர் பெயரிலோ கிடக்கும்.

ஈசி பார்ப்பதில் எல்லாரும் வழுக்குகிற ஒரு இடம் உண்டு. உதாரணத்துக்கு 112/2 என்று ஒரு சர்வே எண், பின்னால் உட்பிரிவு ஆகி 112/2ஏ, 112/2பி என்று மாறிவிட்டது. விற்கிறவர் 112/2பி-க்கு ஈசி எடுத்துக் கொடுப்பார், சுத்தமாக இருக்கும். ஆனால் உட்பிரிவுக்கு முன்னால் 112/2 என்ற எண்ணில் ஒரு அடமானமோ பாகப்பிரிவினையோ பதிவாகியிருந்தால் அது இந்தத் தாளில் வராமல் போய்விடலாம். பழைய எண்ணையும் போட்டுத் தேட வேண்டும், முப்பது வருடமாவது பின்னால் போக வேண்டும். கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், சோம்பல் படாதீர்கள். ஈசியில் ஒன்றுமே இல்லை என்றாலும் முடிந்துவிடவில்லை. பதிவு செய்யாத உயிலும், பதிவு செய்யாமல் பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்து வாங்கிய கடனும் அதில் தெரியாது. அதனால்தான் அசல் பத்திரத்தை, நகல் இல்லை, அசலைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்கிறோம். அசல் தொலைந்துவிட்டது, பேங்கில் இருக்கிறது, ஊரில் இருக்கிறது என்று மூன்று தடவை மூன்று விதமாகச் சொல்கிறவரிடம் அட்வான்ஸ் பேச்சையே எடுக்காதீர்கள்.

அடுத்தது வாரிசு. அப்பா காலமாகிவிட்டார், அண்ணன் தம்பி இரண்டு பேரும் கையெழுத்துப் போடத் தயார் என்பார்கள். அப்பாவுக்குப் பெண் பிள்ளைகள் உண்டா என்று கேளுங்கள். கட்டிக்கொடுத்தாச்சு, சீர் செய்தாச்சு என்று பதில் வரும். இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு, இது 1956ஆம் வருடச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் உரிமை என்று தமிழ்நாட்டில் 1989லேயே கல்யாணமாகாத பெண்களுக்குக் கொண்டுவந்தார்கள், 2005ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. இன்னொருவரையும் மறந்துவிடுவார்கள்: இறந்தவரின் தாயார். அவர் இறந்த அன்றைக்குத் தாயார் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பாட்டியும் ஒரு பங்குதாரர். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றை வாங்கிப் பெயர்களை எண்ணிக்கொண்டு, எத்தனை பேர் கையெழுத்துப் போட வருகிறார்கள் என்று பாருங்கள்.

பவர் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்க வந்தால், பவர் கொடுத்தவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையே என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அதோடு போய்விடும். ‘அ’ பதிவேட்டில் புறம்போக்கு என்றோ கோயில் பெயரோ இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பஞ்சமி நிலம் என்றாலும் அப்படித்தான், 1892லிருந்து பட்டியல் இன மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது, மற்றவர்கள் அதை வாங்கிப் பயனில்லை, வாங்கவும் கூடாது. இவ்வளவையும் நீங்கள் பார்த்த பிறகும் வக்கீல் ஒப்பீனியன் வேண்டும்தான். அவருடைய வேலையை நீங்கள் செய்யப்போவதில்லை, பார்ட்டியின் பணம் கைமாறுவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஓசூரில் ஏஜென்டாகப் பதிவு செய்திருக்கிறேன். அத்திப்பள்ளியில் ஓர் அபார்ட்மென்ட் திட்டத்தையும் விற்றுத் தரச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு எண் போதுமா?
– வாசகர், ஓசூர்

போதாது. எண் அந்தந்த மாநிலத்துக்குத்தான். செக்போஸ்ட் தாண்டினால் கர்நாடக ரெராவில் தனியாகப் பதிவு வேண்டும், கட்டணமும் விதிகளும் அவர்களுடையவை. தமிழ்நாடு ஆணையத்தின் எல்லைக்குள் அந்தமானும் வருகிறது, பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி வருவதில்லை.

கேள்வி: ஒரு லேஅவுட்காரர் “ரெரா அப்ளைடு” என்று நோட்டீஸ் அடித்து என்னிடம் கொடுத்திருக்கிறார், இப்போதே புக்கிங் எடுக்கச் சொல்கிறார், ப்ரீ-லாஞ்ச் விலையாம். இன்னொருவர் தன் மனைப்பிரிவு சின்னது, ரெராவே தேவையில்லை என்கிறார். எதை எடுக்கலாம்?
– வாசகி, செங்கல்பட்டு

முதலாமவருடையதை எடுக்கவே கூடாது. விண்ணப்பித்திருப்பது என்பது பதிவு ஆகாது. பதிவு எண் வராமல் விளம்பரம் செய்யக் கூடாது, புக்கிங் எடுக்கக் கூடாது என்று 3ஆம் பிரிவு சொல்கிறது, பதிவு ஆகாத திட்டத்தை விற்றுக்கொடுக்கக் கூடாது என்று 10ஆம் பிரிவு உங்களைப் பார்த்தே சொல்கிறது. அவர் தப்புக்கு நீங்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவரும், உங்கள் பதிவையே ரத்து செய்யவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. புரமோட்டர் எண் கொடுத்தால் அதை அப்படியே நம்பாமல் ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். திட்டத்தின் பெயர், சர்வே எண்கள், எத்தனை மனை, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் அங்கே இருக்கும். பக்கத்து லேஅவுட்டின் எண்ணை இதற்குப் போட்டிருக்கிறார்களா என்று சர்வே எண்ணை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இரண்டாமவர் சொல்வது சில சமயம் உண்மையாக இருக்கலாம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டால் பதிவு தேவையில்லை, கட்டடம் என்றால் எட்டு வீட்டுக்கு மேல் போகாவிட்டால் தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,380 சதுர அடி, நம் கணக்கில் பன்னிரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் எத்தனை மனை போட முடியும்? நாலோ ஐந்தோ. அவரிடம் இருபது மனை இருந்தால், பேஸ் ஒன்று, பேஸ் இரண்டு என்று துண்டு போட்டுக் காட்டினாலும் செல்லாது, எல்லாக் கட்டத்தையும் சேர்த்துத்தான் கணக்கு.

ரெரா தேவையில்லை என்றாலும் மனைப்பிரிவுக்கு சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் தேவை, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட பழைய வரைபடம் ஒப்புதல் ஆகாது. 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகு, 2017ல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்கு 20 அக்டோபர் 2016 என்று ஒரு வெட்டுத் தேதி உண்டு. அதற்குப் பிறகு போட்ட அங்கீகாரமில்லாத மனையை உங்களிடம் யாராவது “பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்” என்று கொடுத்தால், அதை வாங்கப்போகிறவர் உங்கள் தங்கையாக இருந்தால் என்ன சொல்வீர்களோ அதைச் சொல்லுங்கள்.

நோட்டீஸில் எழுதுவதிலும் கவனம் வேண்டும். இல்லாத ஒப்புதலை இருப்பதாகச் சொல்வதும், தரப்போகாத வசதியை விளம்பரம் செய்வதும் முறையற்ற வணிகம் என்று அதே 10ஆம் பிரிவில் இருக்கிறது. மெட்ரோ வருகிறது, ஐடி பார்க் வருகிறது என்று புரமோட்டர் அனுப்பும் வாட்ஸ்அப் படத்தை அப்படியே தள்ளிவிடாதீர்கள். அரசாணை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: தபால் துறையில் வேலை. மனைவி பெயரில் ஏஜென்ட் பதிவு எடுத்து, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் நானே இடம் காட்டலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், கும்பகோணம்

மனைவி உண்மையாகவே தொழில் செய்தால் தாராளமாகப் பதிவு எடுக்கலாம், அதை நீங்கள் துறைக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நீங்கள் இடம் காட்டப் போகக் கூடாது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964ல் 15ஆம் விதி, குடும்பத்தார் நடத்தும் கமிஷன் ஏஜென்சிக்கு ஆள் பிடித்துத் தருவதையே தவறு என்கிறது. பென்ஷனோடு விளையாட வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு கமிஷன் கேட்பது? வரி உண்டா? பார்ட்டி அட்வான்ஸை என்னிடமே கொடுத்துவைக்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

கமிஷன் இவ்வளவு என்று ரெரா சட்டம் எதுவும் நிர்ணயிக்கவில்லை. ஊர் வழக்கம் பெரும்பாலும் 1 சதவீதம், 2 சதவீதம் என்று ஓடுகிறது, யார் தருவது என்பது ஊருக்கு ஊர் மாறும். எதுவானாலும் இடம் காட்டுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை சதவீதம், எப்போது, யார் தருவது, இந்த மூன்றும் போதும். பத்திரம் முடிந்த அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்று கமிஷனுக்குச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும், பாதிச் சண்டைக்குக் காரணம் வாய்ப்பேச்சு. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு பேருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

புரமோட்டர் நிறுவனம் கமிஷன் தரும்போது, வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்குப் போடும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுத்து 18 சதவீதம் வசூலித்துக் கட்ட வேண்டும். கணக்குப் புத்தகம் ஒழுங்காக வைத்துக்கொள்வது ரெரா சட்டப்படியே உங்கள் கடமை.

அட்வான்ஸை மட்டும் கையில் வாங்காதீர்கள், ஒரு நாள் ராத்திரிக்குக்கூட வேண்டாம். சிங்கப்பூரில் சொத்து வாங்கி விற்கும்போது அந்தப் பணத்தை ஏஜென்ட் கையால் தொடவே கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள், நம் ஊரில் நீங்களாகவே அதைக் கடைப்பிடியுங்கள். வாங்குகிறவர் கணக்கிலிருந்து விற்கிறவர் கணக்குக்கு நேராகப் போகட்டும். ரொக்கமாகக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2015லிருந்தே இருக்கிறது, மீறினால் வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் வாங்கியவருக்கு அபராதமாக வரும் என்று விற்கிறவரிடம் சொல்லுங்கள். இரண்டு லட்சம் ரொக்கத்துக்கு இரண்டு லட்சம் அபராதம் என்று கேட்டதும் அவரே செக் கேட்பார்.

புரமோட்டரிடம் வாங்கும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் முன்பணம் வாங்க வேண்டுமென்றால் முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும், இது ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவு. 40 லட்சம் பிளாட்டுக்கு வெறும் ரசீதில் பத்து லட்சம் கேட்டால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள் என்று உங்கள் பார்ட்டி சார்பில் நீங்கள்தான் கேட்க வேண்டும். புக்கிங் அன்றே திட்டத்தின் எல்லாக் காகிதங்களும் அவர்கள் கைக்குக் கிடைக்க உதவுவதும் சட்டப்படி உங்கள் வேலை. ஒரு பைலில் ஒப்புதல் ஆணை, வரைபடம், ரெரா சான்று, தாய்ப் பத்திர நகல், ஈசி எல்லாம் போட்டுக் கொடுத்து, கொடுத்ததற்குத் தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.